கடலடியில் தங்கம் இருக்கிறது, அந்தக் கல்லில் இல்லை

போன கிழமை யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து ஒரு தம்பி என் நகைப் பட்டறைக்கு வந்தார். கைலேஞ்சியில் சுற்றிய கறுப்புக் கல், அதில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் மினுக்கம். "அண்ணை, ஆழ்கடல் தங்கக் கல்லாம். வாட்ஸ்அப்பில ஒராள் விக்கிறார். மிச்சத்தையும் எடுக்கட்டோ?" மனைவியின் காப்பை அடகு வைத்த காசு அவர் சட்டைப்பையில் இருந்தது.

உரைகல்லில் உரைத்தேன். தங்கம் என்றால் மஞ்சளாகக் கோடு விழும். விழுந்ததோ பச்சை படர்ந்த கறுப்பு. சுத்தியலால் ஒரு தட்டு, நொறுங்கிப் போனது. தங்கம் தகடாகுமே தவிர நொறுங்காது. அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்.

கடலடியில் தங்கம் சேர்வது உண்மை என்பதால்தான் இப்படி விற்கிறவர்களை ஆட்கள் நம்புகிறார்கள். அது எப்படிச் சேர்கிறது என்பதை என் பட்டறையை வைத்தே சொல்லலாம். பழைய நகையைச் சுத்திகரிக்கும்போது ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) போடுவோம், அதிலுள்ள குளோரின் தங்கத்தைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துவிடும், அப்புறம் அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) கரைசலை ஊற்றினால் தங்கம் கபிலத் தூளாக அடியில் படியும். கடலடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். வெடிப்புகளுக்குள் இறங்கும் உப்புநீர் கீழேயுள்ள எரிமலைச் சூட்டில் 350 பாகை செல்சியஸைத் தாண்டியும் காய்கிறது, ஆனால் மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தால் லேசில் கொதிக்காது. அந்தச் சூட்டில் நீரிலுள்ள குளோரைடும் கந்தகமும் பாறையிலிருந்து செம்பு, துத்தநாகம், வெள்ளி, தங்கம் எல்லாவற்றையும் கரைத்து மேலே கொண்டுவரும். வெளியே கடல்நீர் 2 பாகை அளவில்தான் இருக்கும். சூடு சட்டென்று இறங்க, கரைந்தது எல்லாம் கறுப்புப் புகைபோலப் பிரிந்து புகைபோக்கி வடிவில் படிகிறது. 1979இல் பசிபிக் கடலடியில் இவற்றை முதன்முதலாகக் கண்டார்கள்.

இனி அளவைப் பாருங்கள். பப்புவா நியூ கினி அருகே சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில் தோண்டத் திட்டமிட்ட சொல்வாரா 1 படிவு, தங்கம் நிறைந்தது என்று பெயர்பெற்றது. அங்கேயே ஒரு தொன் கல்லில் ஐந்தாறு கிராம்தான், ஒரு பவுனுக்கும் குறைவு. அதுவும் பைரைட் போன்ற கனிமங்களுக்குள் நுண்துகளாக ஒளிந்திருக்கும், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. திட்டம் போட்ட நிறுவனம் 2019இல் முறிந்துபோனது.

கடலடியில் பிளாட்டினமும் சேர்கிறது, ஆனால் அதன் கதை வேறு. அதற்குச் சூடு தேவையில்லை, காலம்தான் தேவை. கடலடி மலைகளின் மேல் மாங்கனீசு ஓடு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்து, நீரில் அற்பமாக இருக்கும் பிளாட்டினத்தையும் கோபால்ட்டையும் ஒட்டவைத்துக்கொள்கிறது. இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் உள்ள அஃபனாசி நிகிதின் மலையிலும் இப்படியான ஓடு உண்டு. அங்கே ஆராய 2024இல் இந்தியா அனுமதி கேட்டது, இலங்கையும் அந்தக் கடலடிக்கு உரிமை கோருகிறது. நாட்டுக்கு நாடு வழக்காடுகிற பொருள், வாட்ஸ்அப்பில் மலிவாக வருமா?

எங்கள் பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை, யாழ்ப்பாணப் பக்கத்துக் கரை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். வலையில் மினுங்கும் கல் எதுவும் வந்தால் அது வேறெங்கோ இருந்து வந்தது.

தம்பி காசைத் திருப்பிக் கொண்டுபோய் அன்றைக்கே காப்பை மீட்டார். உங்களிடமும் யாராவது இப்படிக் கல்லைக் காட்டினால், காசு கொடுக்க முதல் பக்கத்திலுள்ள நகைப் பட்டறை ஒன்றில் உரைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.