செருப்பு கழன்றதும் தெரியாத கால்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அண்ணன் பைக்கில் போய் விழுந்தார், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனாலும் வலது பாதம் தொங்குகிறது, பெருவிரல் வாசல்படியில் இடிக்கிறது, செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. ஏன்?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே வளைந்து போகிறது பெரோனியல் நரம்பு. அங்கே மெத்தைபோல் சதை கிடையாது. கீழே விழுந்த அடி, இறுக்கிய மாவுக்கட்டு, வயலில் மணிக்கணக்கில் குத்தவைத்துக் களை பறிப்பது என எதுவும் அதை நசுக்கிவிடும். பாதத்தைத் தூக்கும் தசைகளும் பாதத்தின் மேற்புற உணர்வும் இந்த நரம்பை நம்பியவை. உள்ளங்காலும் கெண்டைக்காலும், காலின் பின்பக்கமாக இறங்கும் டிபியல் நரம்பின் கையில். அதனால்தான் அண்ணனால் நுனிக்காலில் நிற்க முடியும், குதிகாலில் நிற்க முடியாது.

நரம்பு வெறுமனே நசுங்கியிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். உள்ளே இழையே அறுந்திருந்தால்தான் எனக்குப் பிடித்த கதை தொடங்குகிறது. அறுந்த இடத்துக்குக் கீழுள்ள இழை முழுவதும் செத்துப்போகும். 1850-இல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி இதைக் கண்டு சொன்னவர் ஆங்கிலேய மருத்துவர் வாலர். ஆனால் இழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் சாவதில்லை. இழையைப் போர்த்தியிருந்து சிதைந்த கொழுப்புறையை அப்புறப்படுத்துகின்றன, பெருகுகின்றன, வரிசையாக நிற்கின்றன, வளர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. சுவருக்குள் பதித்த குழாய் அப்படியே இருக்க, பழைய ஒயரை உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது மாதிரிதான். மேலிருந்து புது இழையின் முனை அந்த வழியே துழாவிக்கொண்டு இறங்கும். வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்!

இந்த வளர்ச்சியை விரலாலேயே பின்தொடரலாம். நரம்பின் வழியில் மெல்லத் தட்டினால், புது இழை வந்துசேர்ந்த இடத்தில் பாதம்வரை சுர்ரென்று ஓடும். மாதம் ஏற ஏற அந்த இடம் கீழே நகரும். முதல் உலகப் போரில் எதிரெதிர் அணிகளில் இருந்த பிரான்சின் டினெலும் ஜெர்மனியின் ஹாஃப்மனும் 1915-இல் தனித்தனியாக இதை எழுதினார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இதற்கு முதலில் வர்ம ஆசானிடம்தான் போவார்கள். அந்த அறிவை அரசு பணம் ஒதுக்கி முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி. சும்மா புகழ்வதிலும் திட்டுவதிலும் யாருக்கும் செலவில்லை பாருங்கள். ஆனால் மரத்த காலில் சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினாலும் தெரியாது. அடிபடாமலே பாதம் தொங்கினால் தொழுநோயும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். பேய் அடித்தது என்று மந்திரித்துக் கயிறு கட்டி மாதங்களைக் கரைப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஏனென்றால் தசை நெடுநாள் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் இழை வந்து சேராவிட்டால் அது சுருங்கி நாராகிவிடும். அடிபட்டு மூன்று வாரம் கழிந்தபின் எடுக்கும் நரம்புச் சோதனையில் இழை அறுந்திருக்கிறதா என்று ஓரளவு தெரியும். அதுவரை பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொள்ளலாம். சில மாதங்களாகியும் அசைவே இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். நரம்பு கைவிட்டாலும், டிபியல் நரம்பில் இயங்கும் ஒரு தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற பகுதியை, முன்பக்கம் மாற்றித் தைத்து, பாதத்தைத் தூக்க வைக்கிறார்கள்.