குறைந்த செலவில் ஹெட்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

நாகர்கோவிலை அடுத்துள்ள என் பட்டறைக்கு ஹெட்டர் மாட்ட வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் இளைஞர்கள். ஹெட்டர் என்பது எஞ்சினிலிருந்து வரும் புகையை வாங்கிக் கொண்டுபோக, கம்பெனிப் பாகத்துக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்பு. கையில் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ சேர்த்து வைத்திருப்பார்கள். இணையத்தில் பார்த்த ஒரு குழாயின் படத்தைக் கைப்பேசியில் காட்டுவார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: வண்டி எந்த ஆண்டு, அது இரவில் எந்த ஊரில் நிற்கிறது. குழாயின் விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஆண்டைக் கேட்பதற்குக் காரணம், புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான பெட்ரோல் கார்களில், பொதுவாக இந்தக் கன்வெர்ட்டர் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை ஒட்டியே இருக்கும். வண்டியைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே அது சூடேறிப் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. சில எஞ்சின்களில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று தனியாக ஒன்றே கிடையாது. ஹெட்டின் வார்ப்புக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. இப்படிப்பட்ட வண்டியில் ஹெட்டர் மாட்டுவதென்றால் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவது என்றுதான் பொருள். அதை நான் செய்வதில்லை. பழைய வண்டியிலும் கன்வெர்ட்டர் இருந்தால், அதற்கு முன்னால் முடிந்துவிடும் ஹெட்டரைத்தான் வாங்க வேண்டும். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. கழற்றியதை உங்களிடம் திருப்பித் தராத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு பணத்தைச் செலவழியுங்கள். சத்தத்துக்காக மட்டும் மாட்டுகிறவர்களிடம் நான் வேலையை ஏற்பதில்லை.

என் கணக்கில் ஹெட்டர் நியாயமாகத் தேவைப்படுவது, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விட்டு, கம்பெனிப் பாகம் சந்தையில் கிடைக்காமல் போன பழைய வண்டிகளுக்குத்தான். சூடேறுவதும் ஆறுவதுமாகப் பல ஆண்டுகள் உழைத்த வார்ப்பு ஒருநாள் விட்டுப்போகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில், கொதிக்கும் இரும்பின்மேல் சாலைத் தண்ணீர் வாரியடிப்பது அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. விரிசல் விட்ட வார்ப்பின்மேல் வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது பெரும்பாலும் நிலைப்பதில்லை. அந்தச் செலவை நான் வீண் என்றே சொல்வேன்.

ஹெட்டர் செய்கிற வேலை எளிமையானது. ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனிக் குழாய் கொடுத்து, ஒன்றின் புகை மற்றொன்றின் வழியில் மோதாதபடி சிறிது தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சேரும் இடத்திலிருந்து திரும்பி வரும் தாழ்வழுத்த அலை சரியான நேரத்தில் வால்வை எட்டினால், மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும் 4-1 வகை, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பலன் தருவது. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 வகை, குறைந்த, நடுத்தரச் சுழற்சியில் இழுவை தருவது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களிலும் மார்த்தாண்டம் நெரிசலிலும் ஓடும் சிறிய காருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். குழாயின் விட்டம் பெரிதானால் நல்லது என்று நம்பி வாங்காதீர்கள். புகையின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை செத்துப்போகும். மற்றதெல்லாம் கம்பெனி நிலையிலேயே இருக்கும் சிறிய எஞ்சினில் ஹெட்டரால் மட்டும் பெரிய சக்தி கூடிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிக்கும் திற்பரப்புப் பக்கம் நிற்கும் வண்டிக்கும் ஒரே குழாயை நான் சொல்வதில்லை. உப்புக் காற்று சாதாரண இரும்புக் குழாயை வெளியிலிருந்து தின்னும். உள்ளிருந்து தின்பது தண்ணீர்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கோட்டாறிலிருந்து வடசேரிக்குப் போய் உடனே திரும்பும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடேறாமல், அந்த ஆவி உள்ளேயே தண்ணீராய்த் தங்கிவிடுகிறது. வெள்ளிநிறப் பெயிண்ட் அடித்த இரும்பு ஹெட்டர் ஒன்று, கடற்கரையிலேயே நின்ற வண்டியில் இரண்டு மழைக்காலத்துக்குள் ஊசித்துளை விழுந்து திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எனவே கடலோரத்தாருக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. பல கம்பெனி வண்டிகளின் சைலன்சரில் வரும் 409 தரத்தில் குரோமியம் சுமார் 11 விழுக்காடுதான். மேலே துருநிறம் ஏறினாலும் சாதாரண இரும்பைவிட நெடுநாள் நிற்கும் என்பதால், உள்நாட்டு ஊர்களுக்கு அது போதும். வாங்குகிறவர்கள் பலரும் காந்தத்தை ஒட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். காந்தம் ஒட்டினால் அது 304 இல்லை என்று ஓரளவு சொல்லலாம். ஒட்டாவிட்டால் 304 என்று சொல்ல முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது. மலிவான பாத்திரங்களில் புழங்கும் அந்த ஸ்டீல் உப்புக் காற்றில் 304-ஐப் போல் தாங்காது. கடைக்காரரிடம் பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள்.

பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஹெட்டில் உட்காரும் பிளேஞ்ச் தட்டைப் பாருங்கள். 8 முதல் 10 மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது. மெல்லிய தட்டு சூட்டில் வளைந்து, புகை கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட்டை எரிக்கும். நேரான இரும்புப் பட்டையை அதன்மேல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம்; இலேசான வளைவை லேத் பட்டறையில் பேசிங் அடித்து, அதாவது முகப்பைச் சீவிச் சமப்படுத்தி, சரிசெய்துவிடலாம். பிறகு குழாய்க்குள் டார்ச் அடித்து வெல்டிங்கின் உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே ஆர்கான் வாயு செலுத்தாமல் வைத்த வெல்டிங், எரிந்த சர்க்கரைப் பாகு போலக் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும். விரிசல் தொடங்குவது அங்கேதான்.

தொழிலுக்கு வந்த தொடக்கக் காலத்தில், செலவைக் குறைக்கச் சொன்ன ஒருவருக்காகப் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் குடும்பத்துடன் திருவனந்தபுரம் போய்த் திரும்புகையில், பின்னிருக்கையில் இருந்த குழந்தை தலைவலி என்று அழுது வாந்தியெடுத்தது. பயணக் களைப்பு என்று நினைத்தார்கள். மறுநாள் வண்டியைத் திறந்து பார்த்தபோது, ஹெட்டிலிருந்து புகை வெளிவரும் மூன்றாவது துளையான போர்ட்டைச் சுற்றிக் கரிக்கோடு ஓடியிருந்தது. அங்கே கசிந்த புகை ஏ.சி.யின் காற்றுத் துளை வழியாக உள்ளே போயிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றுமுதல் புதிய கேஸ்கட், புதிய நட்டு இல்லாமல் நான் எந்த மேனிஃபோல்டையும் மாட்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஆறாயிரத்துக்கு மேல் குழாய்க்குக் கொடுக்காதீர்கள். மீதி கேஸ்கட்டுக்கும், ஹெட்டில் பதிந்து நட்டை ஏற்கும் மரைக்கம்பியான ஸ்டட்டுக்கும், கூலிக்கும், உடையக்கூடிய ஏதாவது ஒன்றுக்கும் வேண்டும்.

உடைவது பெரும்பாலும் ஸ்டட். வேலைக்கு முந்தைய நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். வராத நட்டைச் சூடுகாட்டிக் கழற்ற வேண்டும். நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து, துளையிட்டு எடுக்கும் செலவு ஹெட்டர் விலையை நெருங்கிவிடும். இறுக்கும்போது நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனி சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் கிடைமட்டத்துக்குச் சற்று மேல்நோக்கி இருக்கும்படி அமையாவிட்டால், குழாய்த் தண்ணீர் அதில் தேங்கிக் கெடுத்துவிடும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் போதவில்லை என்று அது தவறாகச் சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருகிற ஹெட்டர் வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்தக் கசிவைத்தான். சாதாரண சிலிக்கான் பசையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும்.

வெப்பத்தைத் தடுக்கக் குழாயைச் சுற்றும் துணிப்பட்டை இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. நம் கடற்கரையில் அது உப்பையும் ஈரத்தையும் குழாயோடு சேர்த்துக் கட்டிவைக்கும் வேலையைச் செய்கிறது. பழைய வெப்பத் தகட்டையே பொருந்துமாறு வளைத்து மாட்டுவது மேல். பிரேக் ஹோஸ், வயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் இடமாவது இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் அசைந்து கொடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின், எஞ்சின் முழுதாக ஆறியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்கக் கொண்டுவாருங்கள். காலையில் கிளப்பியதும் டிக் டிக்கென்று கேட்டு, சூடேறியதும் அடங்கும் சத்தம் கசிவின் அடையாளம். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். கழற்றிய பழைய மேனிஃபோல்டு விரிசல் இல்லாததாக இருந்தால், கழுவி எண்ணெய் தடவிச் சாக்கில் பொதிந்து பரணில் வையுங்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில் அதைத் தேடி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.