ஒரே பெயரில் இரண்டு ஃபாண்ட்

அல்சூர் பஜார் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்துத் தரும் சின்ன டி.டி.பி. கடை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைதான் கடைக்குச் சோறு போட்டது. மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம், பெண் வீடு மண்டியா என்றால் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம், அடியில் மண்டபத்துக்கு வழி இங்கிலீஷில். பெங்களூரில் இது சர்வசாதாரணம். மூன்று மொழியும் ஒரே கம்ப்யூட்டரில்தான் குடியிருக்கும்.

ஓர் ஆவணியில் ‘சூர்யா’ என்ற மாப்பிள்ளைக்குப் பத்திரிகை போட்டோம். திரையில் பெயர் சரியாக இருந்தது. எங்கள் லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃபும் சரி. பெண்ணின் அப்பா அதில் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். பிரஸ்ஸில் 500 பத்திரிகை அடித்துக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை ‘டூர்யா’ ஆகியிருந்தார். “கல்யாணத்துக்கு முன்னாடியே டூ விட வெச்சிட்டீங்களே தம்பி” என்றார் பெண்ணின் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுபடி அடித்துக் கொடுக்கும்வரை பணம் மட்டும் தரவில்லை.

தப்பு பிரஸ் மேல் இல்லை, என் மேல்தான். ஆனால் நான் எழுத்துப்பிழை எதுவும் விடவில்லை. பின்னே ‘சூ’ எப்படி ‘டூ’ ஆயிற்று?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. விசையைத் தட்டினால் கோப்பில் போய்ச் சேர்வது ஓர் எண். அந்த எண்ணுக்கு என்ன படம் வரைய வேண்டும் என்பது ஃபாண்டின், அதாவது எழுத்துருவின் பொறுப்பு. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடித்துவிட்டுக் கோப்புக்குள் எட்டிப் பார்த்தால் 106, 107, 112, 111, 59 என்று ஐந்து எண்கள் இருக்கும். இங்கிலீஷ் கணக்கில் அவை ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி கணக்கில் 106 ‘த’, 107 ‘ம’, 112 மேல்விலங்கு, 111 ‘ழ’, 59 தலையில் வைக்கும் புள்ளி. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் இதே கோப்பைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். பலர் பயந்துபோய் ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்பார்கள். கோப்பு அப்படியேதான் இருக்கிறது. படம் வரைபவர்தான் மாறிவிட்டார்.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கால ஃபாண்டில் மொத்தமே 256 இடம். அதில் பாதியை இங்கிலீஷும் கட்டுப்பாட்டுக் குறிகளும் எடுத்துக்கொள்ளும். தமிழுக்கோ 247 எழுத்து. கால், கொம்பு, விலங்கு என்று உடைத்து உடைத்து வைத்தாலும் கு, கூ, சு, சூ வகையறா ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் வேண்டும். எனவே ஆளாளுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். பாமினி இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. 1999-இல் தமிழக அரசு அறிவித்த ‘டாப்’ முறை இங்கிலீஷைக் கீழ்ப்பாதியில் விட்டுவிட்டுத் தமிழை மேல்பாதிக்குக் கொண்டுபோனது. கூடவே வந்த ‘டாம்’ முழுக்கத் தமிழுக்கு. இணையத் தமிழர்கள் உருவாக்கிய ‘டிஸ்கி’ இன்னொன்று. இவை போக, ஃபாண்ட் விற்றவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட அட்டவணைகள். கன்னடத்திலும் இதே கதைதான். ஆகவே ஒரே எண் ஒரு ஃபாண்டில் தமிழ்க் கொம்பாகவும் இன்னொன்றில் கன்னட ‘ஒத்து’ எனப்படும், எழுத்துக்கு அடியில் ஒட்டும் துணையெழுத்தாகவும் இருக்கலாம். தமிழ்ப் பக்கம் திடீரென்று கன்னடக் கிறுக்கலாகத் தெரிந்தால், எண்கள் அப்படியே இருக்க ஃபாண்ட் மட்டும் மாறியிருக்கிறது என்று பொருள்.

சரி, ஃபாண்ட் ஏன் மாறுகிறது? இங்கேதான் பெயர் வருகிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரோ கோரல்டிராவோ வழக்கமாக உங்கள் கோப்பில் ஃபாண்டை வைப்பதில்லை, அதன் பெயரை மட்டும் எழுதி வைக்கின்றன. கோப்பைத் திறக்கும்போது ‘இந்தப் பெயருள்ளவர் யார்?’ என்று விண்டோஸைக் கேட்கின்றன. அந்தப் பெயர் ஃபாண்ட் கோப்பின் வெளிப்பெயர் கிடையாது. ஒவ்வொரு ஃபாண்டுக்குள்ளும் ஒரு பெயர் அட்டவணை உண்டு. குடும்பப் பெயர், சாதாரணமா போல்டா என்ற வகை, முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், பதிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர் மாதிரி. உள்ளே இருப்பதுதான் ரேஷன் கார்டுப் பெயர். செல்லப்பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் கார்டில் அதே பெயர்தான்.

எங்கள் கடையில் ஒரு சி.டி.யிலிருந்து ஏற்றிய ஃபாண்ட் இருந்தது. பிரஸ்ஸில் வேறொரு சி.டி.யிலிருந்து ஏற்றியது. ரேஷன் கார்டில் இரண்டுக்கும் ஒரே பெயர். யாரோ எப்போதோ அட்டவணையில் சில இடங்களைத் திருத்தி, பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். மற்ற எழுத்தெல்லாம் ஒன்றே. எங்களுடையதில் ‘சூ’ இருந்த எண்ணில் அங்கே ‘டூ’. நான் கோரல் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் திறந்தார்கள். ‘ஃபாண்ட் இல்லை’ என்ற எச்சரிக்கைகூட வரவில்லை, அந்தப் பெயரில் ஓர் ஆள் அங்கே இருந்தாரே! என்னைக் கேட்டால், ஃபாண்ட் சுத்தமாக இல்லாமல் போவது நல்லது. பக்கமெல்லாம் குப்பையாகத் தெரிந்து உடனே மாட்டிக்கொள்ளும். தொண்ணூறு சதம் ஒத்துப்போகிற ஆள் மாறாட்டம்தான் ஆபத்து.

உண்மையில் ஃபாண்ட் இல்லாதபோது பேஜ்மேக்கரும் பழைய கோரலும் ‘பானோஸ்’ என்று ஒரு பெட்டியைத் திறந்து மாற்று ஃபாண்ட் சிபாரிசு செய்யும். பானோஸ் என்பது ஃபாண்டின் முகலட்சணத்தை 10 எண்களில் சொல்லும் முறை. எழுத்தின் காலில் குச்சம் உண்டா, எவ்வளவு தடிமன் என்று அதில் குறித்திருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்காகச் செய்த ஜாதகம் அது. தமிழுக்குப் பொருத்தம் பார்த்தால் என்ன வரும் என்று சொல்லவே வேண்டாம்.

இதே சண்டை ஒரே கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கும். விண்டோஸின் பழைய வழக்கப்படி ஒரு ஃபாண்ட் குடும்பத்தில் நான்கு பேர்தான்: சாதாரணம், போல்ட், இட்டாலிக், போல்ட் இட்டாலிக். பழைய தமிழ் ஃபாண்ட் சி.டி.க்களில் இரண்டு பேர் ‘நான்தான் சாதாரணம்’ என்று சொல்லிக்கொள்வது சகஜம். அப்போது மெனுவில் ஒருவர் மட்டும் தெரிவார், மற்றவர் ஒளிந்துகொள்வார். நீங்கள் போல்ட் பொத்தானை அழுத்தினால் உண்மையான போல்ட் வராமல் மென்பொருளே எழுத்தைப் பூசித் தடிமனாக்கும். ‘ஞ’ போன்ற எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டு மை அப்பினாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வில்லங்கம், விண்டோஸ் 10 வந்த பிறகு. முன்பெல்லாம் ஃபாண்ட் ஒரே ஃபோல்டருக்குத்தான் போகும். இப்போது ஃபாண்டை ஏற்றும்போது அது உங்கள் கணக்குக்கு மட்டும் ஏறலாம், எல்லோருக்கும் பொதுவாகவும் ஏறலாம். இரண்டுக்கும் ஃபோல்டர் வேறு. பழசு பொது ஃபோல்டரில், புதுசு உங்கள் ஃபோல்டரில், பெயர் ஒன்று. எந்த மென்பொருள் எதை எடுக்கும் என்பது அதனதன் இஷ்டம்.

நோயைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரே வரியை மூன்று மென்பொருளில் ஒட்டி அதே ஃபாண்டைக் கொடுப்பேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தப்பாக வந்தால் ஃபாண்டோ அதன் அட்டவணையோ பிரச்சினை. ஒன்றில் மட்டும் தப்பென்றால் அந்த மென்பொருளின் கேஷ் மேல் சந்தேகம். ஃபாண்டுகளை ஒவ்வொரு முறையும் பிரித்துப் படிக்க நேரமாகும் என்பதால் விண்டோஸும் மென்பொருள்களும் பெயர்ப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் ஃபாண்டைத் தூக்கிய பிறகும் பட்டியலில் பழைய ஆள் இருப்பார். விண்டோஸின் ‘ஃபாண்ட் கேஷ்’ சேவையை நிறுத்தி, அதன் கோப்புகளை அழித்து, மறுபடி துவக்கினால் பட்டியல் புதிதாக எழுதப்படும். பாதி வழக்குகள் இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஃபாண்ட் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். திறக்கும் ஜன்னலின் தலையில் உள்பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். சந்தேகப்பட்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். ஃபாண்ட் ஃபோல்டரில் கோப்புப் பெயரின் வாலில் ‘_0’, ‘_1’ என்று ஒட்டியிருந்தால், அதே கோப்புப் பெயரில் இன்னொன்றை யாரோ மறுபடி ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அது தடயம்.

கடையில் 800 ஃபாண்ட் இருக்கும், எதைப் பார்ப்பது? பாதியைத் தூக்கி வேறு ஃபோல்டரில் வையுங்கள். கோளாறு போய்விட்டதா? குற்றவாளி தூக்கிய பாதியில். இல்லையென்றால் மிச்சப் பாதியில். அதில் மறுபடி பாதி. 800 என்பது 400, 200, 100 என்று இறங்கிப் பத்தாவது தடவையில் ஒன்றில் வந்து நிற்கும். ஒருவர் கிடைத்தால் ஜோடியைப் பெயரை வைத்தே பிடித்துவிடலாம். ஆனால் விண்டோஸோடு வந்த ஃபாண்டுகள் மேல் கை வைக்காதீர்கள். லதா, நிர்மலா யூஐ எல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நாம் சோதிக்க வேண்டியது நாம் சேர்த்துக்கொண்ட கூட்டத்தைத்தான்.

ஃபாண்ட் சண்டை மாதிரி வேஷம் போடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் பாமினியில் ‘அம்மா’ என்று வரியைத் தொடங்கினால் சில சமயம் ‘ஆம்மா’ என்று ஆகும். அடித்த அக்கா தன் கையைத்தான் நொந்துகொள்வார். பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேர்டின் இங்கிலீஷ்ப் புத்தி, 109-ஐ 77 ஆக்கிவிட்டது. ஆட்டோ கரெக்டை அணைத்தால் சரியாகிவிடும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது தப்பிக்க வழி, எண்ணையும் பெயரையும் கோப்பிலிருந்து எடுத்துவிடுவது. கோரலில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல்-கியூ தட்டினால் எழுத்தெல்லாம் ‘கர்வ்’, அதாவது வெறும் கோடுகளாகிவிடும். அதற்குப் பிறகு ‘சூ’ ஒரு படம், அவ்வளவுதான். நான் அன்று மறந்தது இதைத்தான். கர்வ் ஆக்குவதற்கு முன் ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்த நேரம் மாறிவிட்டது என்று போன் வரும். பி.டி.எஃப். அனுப்பினால் அக்ரோபாட்டில் கன்ட்ரோல்-டி தட்டி ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ (கோப்புக்குள்ளேயே பதிந்தது) என்று இருக்க வேண்டும். இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் பிரஸ்ஸில் வேறு ஆள் வந்து உட்காருவார்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யூனிகோடில் இந்த எண் தகராறு கிடையாது. ‘க’ எப்போதும் 2965, கன்னடக் ‘க’ 3221; இருவரும் ஒருவர் இடத்தில் ஒருவர் உட்கார முடியாது. ஆனால் சண்டை வேறு தளத்துக்குப் போயிருக்கிறது. யூனிகோடில் ‘கெ’ என்றால் முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளும் ஃபாண்டுக்குள் இருக்கும் விதிகளும் சேர்ந்து செய்யும் வேலை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னாலேயே நிற்கும். ஃபாண்டை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். கோளாறு ஃபாண்டில் இல்லவே இல்லை.

அப்புறம் ‘ஸ்ரீ’. பத்திரிகைக்கு அதுதானே தலை. அதை ‘ஸ’வில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் அடிக்கலாம். ‘ஸ’வின் எண் 3000, ‘ஶ’வின் எண் 2998. புது ஃபாண்டில் இரண்டும் ஒரே சுழியாகக் கூடிவரும். அதே பெயரில் பழைய பதிப்பு இருக்கும் கம்ப்யூட்டரில் இரண்டாவது வகை ஒன்றாகக் கூடிவராது. ஒரு கட்டமும் பக்கத்தில் ‘ரீ’யும் தனியாக நிற்கும். வாட்ஸ்ஆப்பில் வந்த வாசகத்தை ஒட்டும்போதுதான் இந்த இரண்டாவது வகை அதிகம் நுழைகிறது. அதனால் ஒட்டிய கையோடு தலைப்பில் இருக்கும் ‘ஸ்ரீ’யை மட்டும் அழித்துவிட்டு நானே ஒருதரம் அடித்துவிடுவேன்.