திரையின் ஓரத்தில் நிற்பவர்கள்

போன முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா மகள் எங்கள் திருநகர் வீட்டுக்கு வந்திருந்தாள். டிவியில் டிஸ்னியின் அனிமேஷன் படம் 'ஃப்ரோஸன்' ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று அவளுக்கே கணக்கு இல்லை. அரண்மனைக் கதவு திறந்து விருந்தாளிகள் உள்ளே வருவார்கள். இளவரசி ஆனா பாடிக்கொண்டே வெளியே ஓடுவாள். அந்த இடம் வந்ததும் ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள்.

"ஆனாவை விடுங்க மாமா. அங்கிட்டு ஓரத்துல பாருங்க. அது ரபன்ஸெல்!"

ரபன்ஸெல்லேதான். 2010இல் வந்த 'டேங்கிள்ட்' படத்தின் நாயகி. அந்தப் படத்தின் முடிவில் வெட்டுப்பட்ட அதே குட்டைப் பழுப்பு முடியோடு, தன் ஜோடியையும் கூட்டிக்கொண்டு, 2013இல் வந்த இன்னொரு படத்தின் கூட்டத்தில் நடந்து போகிறாள். சில நொடிகள்தான். அக்கா மகளோடு உட்கார்ந்து நாலைந்து தடவையாவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இது என் கண்ணில் படவில்லை. ரபன்ஸெல் அங்கே எப்படி வந்தாள், எனக்கு ஏன் தெரியாமல் போனாள் என்ற இரண்டு கேள்விகளும் அந்த லீவு முழுக்க என்னை விடவில்லை.

முதலில் கண். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் பார்வையில் பளிச்சென்று துல்லியமாகத் தெரிவது கிட்டத்தட்ட அந்த நகத்தின் அளவுதான். கோணக் கணக்கில் சுமார் 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு குழியில்தான் கூம்பு செல்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. அதைவிட்டு விலக விலகத் தெளிவு சட்டென்று குறைந்துவிடும். ஆனால் அப்படி எதுவும் நமக்குத் தோன்றுவதில்லை. கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை இடம் மாறித் தாவுகிறது, தாவும்போது வரும் கலங்கலை மூளை மறைத்துவிடுகிறது, துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டி முழுக்காட்சியையும் பார்த்ததாக நம்மை நினைக்கவைக்கிறது.

எங்கே தாவுவது என்பதிலும் கண்ணுக்குச் சில பழக்கங்கள் உண்டு. அசைவது எதுவோ, வெளிச்சம் எங்கே விழுகிறதோ, முகம் எங்கே இருக்கிறதோ, அங்கே போகும். அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். குதிரை வாகனம் அசைகிறது, பட்டு என்ன நிறம் என்று அத்தனை கண்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவரின் முகம் வீட்டுக்கு வந்தபின் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் வீடியோவைக் காட்டி, எத்தனை தடவை பந்து மாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து போவார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை.

ஆனா ஓடுகிறாள், பாடுகிறாள், வெளிச்சமும் அவள்மீது. கண் அவளோடு ஓடிவிடுகிறது. ஓவியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கண்ணை எங்கே இழுப்பது என்று திட்டம் போடுகிறவர்களுக்கு, அது எங்கே வராது என்பதும் தெரியும்தானே. ரபன்ஸெல் அந்த இடத்தில்தான் நடக்கிறாள்.

இனி, அவள் எப்படி வந்தாள்? நம்ம ஊர்த் தெருவில் ஒரு சினிமா எடுத்தால் கூப்பிடாமலே காக்கா வரும், ஷேர் ஆட்டோ வரும், டீக்கடை போர்டு வரும். கையால் வரைந்தோ கம்ப்யூட்டரில் உருவாக்கியோ எடுக்கும் படத்தில் அது நடக்காது. அங்கே ஓர் இலைகூடத் தானாக விழுவதில்லை. யாரோ ஒருவர் வைத்தால்தான் உண்டு. அதனால் ஓரத்தில் ஏதாவது தெரிந்தால், அதை வைத்த கை ஒன்று நிச்சயம் இருக்கிறது.

அந்தக் கைகளின் உழைப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம். 1937இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிடம். பெருக்கினால் சுமார் 1,20,000 ஃப்ரேம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு என்றாலும், ஒரு ஃப்ரேமில் பல பாத்திரங்கள் இருப்பார்களே! ஒவ்வொருவரையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வரைவார்கள். செல்லுலாய்டில் செய்த அந்தத் தாளுக்கு 'செல்' என்றே பெயர். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். வண்ணம் பின்னால் இருப்பதால் கோட்டின் மேல் ஏறாது, தூரிகைத் தடமும் தெரியாது. பின்னணி ஓவியத்தின் மேல் இந்தத் தாள்களை அடுக்கி, மேலிருந்து ஒரு ஃப்ரேம் எடுப்பார்கள். தாளை மாற்றி அடுத்த ஃப்ரேம்.

தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்காமல் இடைவெளி விட்டு அடுக்கியபோது பெரிய மாற்றம் வந்தது. மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது புரியும். ரோட்டோரக் கடைகள் சர்ரென்று பின்னால் ஓடும், தென்னந்தோப்பு மெதுவாக நகரும், யானைமலை நம்மோடு கூடவே வரும். பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்ந்தால் மூளை அதை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. மரம், குடிசை, நிலா எல்லாம் ஒரே தாளில் இருந்தால், கேமரா நெருங்கும்போது நிலாவும் சேர்ந்து பெரிதாகும். அது பொய்யென்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் தனிக் கண்ணாடித் தட்டில் வைத்து, தட்டுகளைத் தனித்தனி வேகத்தில் நகர்த்தும் பல அடுக்குக் கேமராவை டிஸ்னி ஸ்டுடியோ 'ஸ்னோ ஒயிட்' காலத்தில் பயன்படுத்தத் தொடங்கியது. இதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1926இல், ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டு வைத்துக் கட்டி, கண்ணாடி அடுக்கின் கீழே விளக்கு வைத்து ஒரு முழுநீள அராபியக் கதைப் படத்தையே எடுத்து முடித்திருந்தார். அது இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதுபோல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அடுக்கு முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு ஆளைக் கூடுதலாக நிறுத்த மொத்தக் காட்சியையும் மறுபடி வரைய வேண்டாம். 1989இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில், கடலரசன் அரங்கத்துக்குள் வரும்போது கீழே இருக்கும் கூட்டத்தில் மிக்கியும் டொனால்டும் கூஃபியும் உட்கார்ந்திருக்கிறார்கள். 'அலாதீன்' படத்தில் சுல்தான் அடுக்கும் பொம்மைகளில் ஒன்று, 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் மிருக நாயகன் பீஸ்ட். 'ஹன்ச்பேக் ஆஃப் நோட்ரடாம்' படத்தில் பாரிஸ் தெருவில் புத்தகம் படித்தபடி நடக்கும் பெண், அந்த பீஸ்ட்டின் நாயகி பெல். கம்ப்யூட்டரில் எடுத்த 'பிரேவ்' படத்திலும் இந்த வழக்கம் விடவில்லை, சூனியக்காரி வீட்டில் ஒரு மரச்சிற்பத்தில் 'டாய் ஸ்டோரி' படத்தின் பீட்சா வண்டி. அதே வீட்டு வாசலுக்கு மேலே ரோமன் எண்ணில் ஏ113. கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அனிமேஷன் மாணவர்கள் உட்கார்ந்து படித்த வகுப்பறையின் எண் அது. படித்து வெளியே போனவர்கள் போகிற படத்தில் எல்லாம் அதைப் பொறித்துவிட்டார்கள். பல வருஷம் குனிந்து உட்கார்ந்து வரைந்தவர்களின் பெயர்கள் கடைசியில் ஓடும் பட்டியலில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வாசல் நிலைக்கு மேல் செதுக்கிய எண் நிற்கும்.

இதுவரை சொன்னவை படத்தை நிறுத்திப் பார்த்தால் தெரிபவை. என்னை அதிகம் கட்டிப்போட்டது வேறு வகை. நிறுத்தினால் அது காணாமல் போய்விடும்; ஓடவிட்டால்தான் தெரியும்.

திருநகரிலிருந்து கொஞ்ச தூரம்தான் விளாச்சேரி. நவராத்திரிக்கு முன்னால் அந்தத் தெருக்களில் நடந்தால் திண்ணை எல்லாம் கொலு பொம்மை. ஒருநாள் ஒரு பெரியவர் இரண்டு பாதி அச்சுக்குள் களிமண்ணைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துக் கட்டி, பிரித்து, ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த மண் விளிம்பைக் கத்தியால் வழித்தார். "இதே அச்சுதான் தம்பி. நீலம் அடிச்சா கண்ணன், மஞ்சள் அடிச்சு வேலைக் குடுத்தா முருகன்" என்றார். நிற்கும் விதமும் இடுப்பு வளைவும் ஒன்றுதான். முகமும் நிறமும் மாறியதும் நமக்கு வேறு சாமி.

ஓவிய ஸ்டுடியோக்களில் அசைவுக்கே இப்படி ஒரு அச்சு உண்டு. பழைய படத்தின் ஓவியங்களைக் கிடங்கிலிருந்து எடுத்து, மேலே புதுத் தாள் வைத்து, அதே கை, அதே கால், அதே சாய்வுக்குப் புது ஆளை வரைவது. 1973இல் வந்த 'ராபின் ஹூட்' படத்தில் மரியன் என்ற நரிப்பெண் ஆடும் ஆட்டத்தில் ஒரு பகுதி, 1937இல் ஸ்னோ ஒயிட் குள்ளர்களோடு ஆடிய ஆட்டம். மனுஷி நரியாகிவிட்டாள், ஆனாலும் ஆட்டம் மாறவில்லை.

அதே 1973இல் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்ஸன் வேறொரு சோதனையை வெளியிட்டார். ஒரு ஆளின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகளில் மட்டும் சிறு வெளிச்சப் புள்ளிகள், மற்றதெல்லாம் இருட்டு. ஆள் அசையாமல் நின்றால் வெறும் புள்ளிக் கூட்டம். ஓரடி எடுத்து வைத்ததும், பார்க்கிற யாரும் உடனே சொல்லிவிடுவார்கள், மனுஷன் நடக்கிறான் என்று. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் போதும். தெருமுனையில் முகம் தெரியாத தூரத்தில் வரும் ஆளை நடையை வைத்தே "நம்ம பெரியப்பா வர்றாரு" என்று சொல்கிறோமே, அதுதான் இது. உடம்பு அசைவைப் படிக்க மூளையில் தனித் திறமை உண்டு. அதற்குச் சட்டையும் வேண்டாம், முகமும் வேண்டாம். அச்சு ஒன்று என்று பழகிய கண் கண்டுபிடிப்பதும் அதனால்தான்.

சரி, அந்த முதல் அசைவு எங்கிருந்து வந்தது? ஸ்னோ ஒயிட்டுக்காக மார்ஜ் பெல்ச்சர் என்ற பதின்வயது நடனக்காரியைக் கேமராவுக்கு முன்னால் ஆடவைத்து, அந்தப் படச்சுருளைப் பார்த்து வரைந்தார்கள். படமெடுத்த அசைவின் மேல் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு இழுக்கும் கருவிக்கு மேக்ஸ் ஃப்ளைஷர் என்ற அனிமேஷன் கலைஞர் 1917லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். 'சிண்ட்ரெல்லா'வுக்கும் 1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'க்கும் கேமரா முன்னால் நடித்துக் காட்டியவர் ஹெலன் ஸ்டான்லி. 1991இல் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' முடியும் தருவாயில் நேரம் போதாமல் போக, பெல்லும் இளவரசனும் ஆடும் கடைசி நடனத்துக்கு ஸ்லீப்பிங் பியூட்டியின் நடன ஓவியங்களை எடுத்துக்கொண்டார்கள். அதே படத்தில் நடுவில் வரும் பெரிய நடன மண்டபம் கம்ப்யூட்டரில் கட்டியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வித்தை. ஒரே படத்தில் புத்தம்புது மண்டபமும் முப்பத்திரண்டு வருஷப் பழைய காலடிகளும்.

இதைக் கேட்டதும் அக்கா மகள் சும்மா இருக்கவில்லை. என் போனையும் அக்கா போனையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஒன்றில் அந்த நடனம், இன்னொன்றில் இந்த நடனம். ஒரே நேரத்தில் அமுக்க நாலு தடவை முயற்சி பண்ணவேண்டியிருந்தது. ஐந்தாவது தடவை சேர்ந்து ஓடியது. அவள் பரதம் கற்றுக்கொள்கிற பிள்ளை. முகத்தைப் பார்க்கவே இல்லை, நேரே காலுக்குப் போய்விட்டாள்.

"மாமா, ஒரே மாதிரி திரும்புறாங்க. பாவாடை சுத்துறதும் ஒரே மாதிரி. ரெண்டு பேரும் ஒரே டீச்சர்கிட்ட கத்துக்கிட்டாங்களா?"

ஹெலன் ஸ்டான்லியைப் பற்றிச் சொன்னேன். 1990 முடியும்போது அவர் இறந்துவிட்டார், பெல் திரைக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெல் ஆடும் போனை மட்டும் கையில் எடுத்து, முதலிலிருந்து ஓடவிட்டு, முகம் இருக்கும் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.