ஸ்ட்ரோலர் வாங்கும் முன் உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள்

"வண்டி வாங்கலாமா, டாக்டர்?"

தடுப்பூசிக்கு வரும் இளம் பெற்றோர், குழந்தையின் அழுகை ஓய்ந்து கிளம்பும்போது கதவருகே நின்று கேட்கும் கேள்வி இது. எந்த வண்டி என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் வீடுகளில் இந்த ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு. பிடித்துக்கொண்டு நடக்கும் மர நடைவண்டியும் வண்டிதான். குழந்தையை நடுவில் உட்காரவைத்து வீடெங்கும் ஓடவிடும் வாக்கரும் வண்டிதான். நடைவண்டியோடு எனக்குப் பகையில்லை. வாக்கர் கூடவே கூடாது. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபடும் குழந்தைகளைப் பார்த்துச் சலித்து, கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பெரியவர்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலரைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், பத்தாவது வார ஊசிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். செல்போனில் நான்கு ஸ்ட்ரோலர்களின் படங்களை எடுத்து வைத்திருந்தார் தந்தை. ஒன்றில் காபிக் கோப்பை வைக்க இடம் இருந்தது. இன்னொன்றில் இரவில் எரியும் விளக்கு. "இதில் எதை வாங்கலாம், டாக்டர்?" என்று கேட்டார். நான் படங்களைப் பார்க்காமல் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குழந்தையை வெளியே யார் கொண்டுபோவீர்கள்? இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் பாட்டிதான். எதுவரை? தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை.

அவர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது பதினொரு கிலோ எடை. ஐந்து கிலோக் குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் பதினொரு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு, அறுபத்திரண்டு வயது அம்மாள் இரண்டு மாடி இறங்க வேண்டும். பாட்டி அதுவரை ஒன்றும் பேசவில்லை. நான் எடையைச் சொன்னதும் மகனை ஒரு பார்வை பார்த்தார். பட்டியல் அத்தோடு முடிந்தது.

மற்றவர்களைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான். என் மகள் பிறந்தபோது நானும் ஒரு பெரிய வண்டியை வாங்கினேன். எங்கள் தெரு நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்து இஸ்திரிக் கடை, அப்புறம் வரிசையாக பைக்குகள். வண்டி மூன்று முறை வெளியே போனது. பிறகு இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டு வராந்தாவில் துணி காயப்போடப் பயன்பட்டது. அதனால்தான் வருகிறவர்களிடம் சொல்கிறேன்: கடைக்குப் போகும் முன், நீங்கள் வண்டி தள்ளப்போகும் வழியில் ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பாருங்கள். எத்தனை இடத்தில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க நேர்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் என்றால் அந்தத் தெருவுக்கு ஸ்ட்ரோலர் வேண்டாம். தோளோ இடுப்போ போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வளாகம், பெசன்ட் நகர்க் கடற்கரையின் நடைபாதை, பெரிய பூங்கா, விமான நிலையம் போன்ற இடங்களில்தான் அது தன் விலைக்கு உழைக்கும்.

தெருவுக்கு அடுத்து கழுத்து. என் வேலை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தலையே. அந்தத் தலையைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். துணையோடு உட்கார ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் சாய்வு இருக்கையில் வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் இடிக்கும். குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, குறுகலானது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் ஓரிடத்தில் மடிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மூச்சு அடைபடும் குழந்தை கத்தி அழாது. சத்தமில்லாமல் அடங்கிப்போகும். பார்ப்பவர்கள் "வண்டியில் போட்டதும் எப்படித் தூங்குகிறான் பாருங்கள்" என்பார்கள்.

ஆகவே முதல் ஆறு மாதத்துக்கான வண்டி, முதுகுப் பலகை தட்டையாக இறங்குவதாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் 'முழுதாகச் சாயும்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். கடையில் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, உங்கள் கண்ணை இருக்கை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பல வண்டிகள் ஈஸிசேர் அளவுக்குச் சாய்ந்துவிட்டு நின்றுவிடும். குழந்தைகள் தூங்குவதற்கென்று விற்கும் பொருள்கள் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்று அமெரிக்கா 2022-ல் சட்டமே போட்டுவிட்டது. சாய்வுப் படுக்கைகளில் குழந்தைகள் இறந்த பிறகு வந்த சட்டம் அது.

குடைபோல மடியும் மெல்லிய வண்டிகள் ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர் வடிவமைத்தது இது. போர் விமானத்தின் சக்கரங்கள் மடிந்து உள்ளே போகும் நுட்பம் தெரிந்தவர், அலுமினியக் குழாய்களைக் கொண்டு மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டியைச் செய்தார். அருமையான வேலைதான். ஆனால் அதன் துணி இருக்கை நடுவில் தொய்யும். இரண்டு மாதக் குழந்தையை அதில் வைத்தால் மூட்டைபோலச் சுருண்டுவிடும்.

எந்த வண்டியானாலும் ஒரு சோதனை: குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளியே வண்டியில் தூங்கிவிட்டால் பரவாயில்லை. வீடு வந்ததும் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள். "எழுந்துவிடுவானே" என்பீர்கள். எழுந்தால் எழட்டும். தூளியிலும் இதே கழுத்துப் பிரச்சினை உண்டு. அதைச் சொன்னால் என் கிளினிக்கில் பாட்டிகள் சண்டைக்கு வருகிறார்கள் என்பதால், தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.

விழித்திருக்கும்போதும் நேர வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குழந்தையை ஸ்ட்ரோலரிலோ உயர்நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. அது தரையில் குப்புறக் கிடந்து கைகால் உதைத்தால்தான் கழுத்தும் முதுகும் வலுவடையும். சமையல் முடியும்வரை இருக்கட்டும் என்று வண்டியைப் பெஞ்சு போல வீட்டுக்குள் போட்டு வைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சென்னையில் நான் அதிகம் வாதாடுவது துணியைப் பற்றி. வெயில் படாமல் இருக்க, தூசி படாமல் இருக்க, எதிர்வீட்டுக்காரர் கண் படாமல் இருக்க என்று வண்டியின் மேல் ஒரு துப்பட்டாவையோ பழைய வேட்டியையோ போர்த்தி நாலு பக்கமும் செருகிவிடுகிறார்கள். உள்ளே காற்று நின்றுபோகிறது. வெளிச்சம் குறைவதால் உள்ளே குளுமையாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் அளந்து பார்த்தார்கள்: உலர்ந்த மஸ்லின் துணியைப் போர்த்தியதும் உள்ளே வெப்பம் 2.6 டிகிரி கூடியது. ஈரத்துணி போட்டு, சிறு விசிறியும் வைத்தபோது குறைந்தது. ஆனால் ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. மே மாதச் சென்னைக் காற்றின் புழுக்கத்தில் சட்டையே காயாது. ஈரத்துணியை நம்பி உச்சி வெயிலில் குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். வண்டியின் கூரை முன்னால் நீண்டு வருமா, பின்புறம் வலைத்துணி ஜன்னல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கொசுவலை போடலாம். திருஷ்டிக்கு என்றால் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மறுப்பில்லை. கறுப்புக் கயிறையோ மணிச்சரத்தையோ வண்டியில் தொங்கவிடாதீர்கள். ஐந்தாவது மாதத்தில் குழந்தை எட்டிப் பிடித்து இழுக்கும். மணி வாய்க்குள் போகும், கயிறு கழுத்தைச் சுற்றும்.

புகையும் இதோடு சேர்ந்ததே. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 2018-ல் சொன்ன கணக்கு என்னை யோசிக்க வைத்தது. வண்டியில் இருக்கும் குழந்தையின் மூக்கு தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; தள்ளுகிறவரைவிட 60 விழுக்காடு வரை அதிக மாசை அது சுவாசிக்க நேரலாம். புகைக்குழாய்களும் அதே உயரத்துக்குள்தானே இருக்கின்றன. சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியோடு நிற்கும்போது நமக்கு லேசாக மூக்கெரியும். கீழே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று குனிந்து பாருங்கள். இருக்கை உயரமான வண்டி கொஞ்சம் மேல். மாலை ஆறு மணி நெரிசலை விட்டுக் காலையில் போவது அதைவிட மேல்.

இனி கடை. போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பையை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டுங்கள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை வாராக இருக்க வேண்டும். நடு வார் இல்லாத வண்டியில் தூங்கும் குழந்தை கீழே நழுவி, முன்கம்பியில் கழுத்து மாட்டிக்கொள்ளும். பிறகு கடையின் வாகன நிறுத்தச் சரிவில் வண்டியை நிறுத்தி, பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். அரிசி நின்றால் குழந்தையும் நிற்கும். பையை எடுத்துத் தோளில் வைத்தபடியே மறு கையால் வண்டியை மடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவது கணக்கில் சேராது; அவர் ஒரு நாளைக்கு இருபது முறை மடிக்கிறவர்.

மடிக்கும்போது குழந்தை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். 2009-ல் அமெரிக்காவில் ஒரு பெயர்பெற்ற நிறுவனத்தின் ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. மடிப்புக் கீலில் சிக்கி, பன்னிரண்டு குழந்தைகளின் விரல்நுனி துண்டாகியிருந்தது.

கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். என் காத்திருப்பு அறையில் நடந்தது: கைப்பிடியில் டயப்பர் பை, மருந்துப் பை, ஒரு கிலோ ஆப்பிள். குழந்தை உள்ளே இருந்தவரை வண்டி அசையாமல் நின்றது. அம்மா குழந்தையைத் தூக்கிய அதே நொடியில் வண்டி மல்லாந்தது. ஆப்பிள்கள் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டன, எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் வேறொரு குழந்தை, ஒன்பது மாதம். "ரெண்டே நிமிடம்தானே" என்று வாரைப் பூட்டவில்லை, எழுந்து நின்று தலைகீழாக விழுந்திருக்கிறது. நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

முகம் எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் 2008-ல் ஆயிரக்கணக்கான பெற்றோர்-குழந்தை இணைகளைத் தெருவில் கவனித்தது. தள்ளுகிறவரைப் பார்த்து உட்கார்ந்த குழந்தைகளோடு பெற்றோர் இரு மடங்கு பேசினார்கள் என்று தெரிந்தது. முதல் ஆண்டில் முகம் நம் பக்கமே இருக்கட்டும். உதடு நீலம் பாய்வது, தலை கவிழ்வது, வாந்தி எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். கூடுதல் விலை கொடுப்பதானால் விளக்குக்கும் கோப்பைக்கும் வேண்டாம், இந்தத் திருப்பும் வசதிக்குக் கொடுங்கள்.

உறவினர் கொடுத்த பழைய வண்டியா? தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைக்கு அது பழையது என்று தெரியாது. வார் நைந்திருக்கிறதா, பூட்டு 'டக்' என்று விழுகிறதா, பிரேக் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அயல்நாட்டு மாமா அனுப்பியதென்றால், அதன் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் நம் தெருவின் சிமென்ட் கற்களுக்கு நடுவே சிக்காமல் ஓடுமா என்றும் தள்ளிப் பாருங்கள்.

அந்தத் தம்பதி பதினான்காவது வார ஊசிக்கு வந்தபோது வண்டியோடு வந்தார்கள். மைத்துனியிடமிருந்து வாங்கியதாம். ஆறு கிலோ, தட்டையாக இறங்கும், முகம் நம் பக்கம். தந்தை அதை மடித்துக் காட்ட முயன்றார். ஏதோ ஒரு கொக்கி விடவில்லை. பாட்டி குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு வந்தார். ஒரே அழுத்து, வண்டி மடிந்தது.

"தினம் நான்தானே மடிக்கிறேன்" என்றார்.