ஒல்லியான கால்களும் கொழுப்பு படிந்த கல்லீரலும்

சென்ற மாம்பழப் பருவத்தில், ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் 44 வயதுக்காரர் ஒருவர், தருமபுரியில் நான் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு ஸ்கேன் அறிக்கையோடு வந்தார். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், கேட்காமலேயே 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. உயரத்துக்கேற்ற எடை என்று எந்த அட்டவணையும் அவருக்குச் சான்று கொடுத்துவிடும்.

"குடிப்பழக்கம் சுத்தமா கிடையாதுங்க சார். ஆளும் பாருங்க, இப்படித்தான் இருக்கேன். எனக்கு எங்கிருந்துங்க கொழுப்பு வந்துச்சு?" என்றார்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். நான்காவது முறை மூச்சு வாங்கியது. ஐந்தாவது முறை கட்டியிருந்த கை தானாகவே பிரிந்து முழங்காலை ஊன்றியது. கடிகாரம் 15 வினாடி காட்டியது. பிறகு, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். விரல்கள் தொட்டுக்கொண்டதோடு, நடுவில் பேனா நுழையும் அளவுக்கு இடைவெளியும் இருந்தது. சட்டையை விலக்கி இடுப்பை அளந்தால் 93 செ.மீ. (இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை.) அவர் கேள்விக்கான பதில், தசை குறைந்துபோன அந்தக் கெண்டைக்காலில் இருந்தது.

நாம் உண்ணும் களியும் சோறும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலந்ததும், இன்சுலின் அதில் பெரும்பங்கைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. சராசரி மனிதரின் தசைகளில் சுமார் 400 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு வடிவில் வைத்திருக்க முடியும். கல்லீரலின் கொள்ளளவு ஏறத்தாழ 100 கிராம்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வரத்து மிகுந்த நாளில் மாம்பழக் கூழ் ஆலைகள் வாசலை அடைத்துவிட்டால் மாங்காய் லாரி எங்கே போகும்? தசை குறைந்துபோனாலோ, இருக்கும் தசைக்குள்ளேயே கொழுப்பு ஊடுருவி இன்சுலினின் கட்டளையைக் கேட்க மறுத்தாலோ, மிஞ்சும் சர்க்கரை கல்லீரலின் தலையில் விழுகிறது. அதைக் கிளைக்கோஜனாக வைக்க இடமில்லாத கல்லீரல், கொழுப்பாக மாற்றி அடுக்கத் தொடங்குகிறது. இதற்கிடையில் கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க, அந்த இன்சுலினே கல்லீரலின் கொழுப்பு உற்பத்தியை மேலும் முடுக்கிவிடுகிறது.

"எண்ணெயை அடியோடு நிறுத்திட்டேங்க" என்று பெருமையோடு சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடித்துப் பார்த்த ஆய்வில், 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்ததாகவும், 26 சதவீதம் கல்லீரலே மாவுச்சத்திலிருந்து தயாரித்ததாகவும், 15 சதவீதம் மட்டுமே உணவில் இருந்த கொழுப்பிலிருந்து வந்ததாகவும் தெரிந்தது. எண்ணெயை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சோற்றை நிறைத்துக்கொள்பவரின் கல்லீரலுக்குப் பெரிய ஓய்வு எதுவும் கிடைப்பதில்லை.

ஒல்லியானவர்களுக்கும் இது வருவதில் வியப்பில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன்னையும் தன் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு பக்கம் எழுதினார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ.) 22.3. ஆனால் உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்; எடை இயந்திரத்தை மட்டும் நம்பும் நோயாளிக்குக் காட்ட அதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

இந்த உறவு ஒருவழிப் பாதை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தசை குறைவதால் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. கெட்டுப்போன கல்லீரலால் அழற்சி மிகுந்து தசை மேலும் கரைகிறது. எது முதலில் தொடங்கியது என்று ஒவ்வொருவரிடமும் பிரித்துச் சொல்வது கடினம். சிகிச்சைக்கு அது தேவையுமில்லை.

இங்கே என் தவறு ஒன்றை எழுதுகிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சில ஆண்டுகளுக்கு முன், அரூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம், எல்லோரிடமும் சொல்வதைப் போலவே, "எடையைக் குறைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவரும் சொன்ன சொல் தவறாதவர். இரவு உணவை நிறுத்தி, பகலில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, மூன்றே மாதத்தில் 8 கிலோ குறைத்துக்கொண்டு வந்தார். நான் பாராட்டி முடிப்பதற்குள், "தரையில உக்காந்தா எந்திரிக்க முடியலைங்க சார், குடத்தைத் தூக்குனா கை நடுங்குது" என்றார். பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாக, அதாவது பெரும்பாலும் தசையாக இருக்கக்கூடும். சில மாதங்களில் எடை திரும்பியது; ஆனால் திரும்பி வந்தது தசையாக வரவில்லை. எடையைக் குறைப்பது தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை. பருமனானவர்கள் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரலின் கொழுப்போடு அழற்சியும் தணிகிறது. அந்த எடை எதிலிருந்து குறைகிறது என்பதை நான் அன்று கேட்கவில்லை. எடை குறைக்கும் ஊசிகள் பேச்சில் அடிபடும் இந்நாளில் கட்டாயம் கேட்கிறேன்.

இப்போது என் அறையில் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கைப்பிடி வலிமையை அளக்கும் கருவியும் இருக்கிறது. ஆசிய நாடுகளுக்கான 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பிடிவலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் தசை பலவீனம். ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் எச்சரிக்கைதான். நாற்காலிச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

உடற்பயிற்சி என்றாலே நடைதான் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அரசும் 2023-இல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது. நடை நல்லதுதான், இதயத்துக்கும் கல்லீரலுக்கும். ஆனால் கரைந்துபோன தசையைக் கட்டியெழுப்ப அது மட்டும் போதாது. தசைக்குச் சுமை வேண்டும். சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பின் தசை இன்சுலினின் கட்டளையை நன்றாகக் கேட்பதும் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் என்பதால், இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்கிறேன். எடையே குறையாவிட்டாலும் தசைப் பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு சுமை தூக்கக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிக்கல் இன்னொன்று உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன் பல்லாண்டுகள் ஃபுளூரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்த பெரியவர்கள் சிலருக்கு முதுகும் முழங்காலும் இறுகியிருக்கின்றன. அவர்களைத் தோப்புக்கரணம் போடச் சொல்வது கொடுமை. நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி போதும்.

உணவில் ராகியைப் பற்றிய மயக்கம் ஒன்றைக் கலைக்க வேண்டியிருக்கிறது. ராகி நம் மண்ணின் தானியம். தருமபுரியில் ரேஷன் கடையிலேயே கொடுத்தார்கள். ஆனால் 100 கிராம் ராகியில் புரதம் ஏறக்குறைய 7 கிராம்தான். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. பெரிய களி உருண்டைக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கீரை என்பது, நாளெல்லாம் ஏர் பிடித்தவரின் சாப்பாடு. இன்று நாளெல்லாம் அமர்ந்திருப்பவர் உருண்டையைப் பாதியாக்கி, கொள்ளுக் கடைசலையோ மொச்சைக் குழம்பையோ இரட்டிப்பாக்க வேண்டும். 100 கிராம் கொள்ளில் 21 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. முட்டை, மீன், கோழி சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஓசூர் நண்பர் ஆறு மாதம் கழித்து வந்தபோது எடை ஒரே ஒரு கிலோதான் குறைந்திருந்தது. இடுப்பு 88 செ.மீ.; ஐந்து முறை எழுந்து உட்கார 10 வினாடி. ஸ்கேன் 'கிரேடு 1' என்றது. அல்ட்ராசவுண்டில் கிரேடு என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தும் மாறும். அதனால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் அவருக்கு எடுத்தேன். கல்லீரலில் தழும்பு இல்லை என்பதுதான் நான் பார்க்க விரும்பியது.

தழும்பு முற்றிச் சிரோசிஸ் ஆகிவிட்டவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களின் கல்லீரலால் இரவு முழுவதற்குமான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ஒரே இரவின் பட்டினியில் உடல் தசையை உடைத்து எரிக்கத் தொடங்கிவிடும். ரத்தத்தின் அம்மோனியாவை அகற்றுவதில் கல்லீரலுக்குத் துணை நிற்பதும் தசைதான் என்பதால், அது கரையக் கரைய மூளைக் குழப்பம் நெருங்குகிறது. "லிவர் கெட்டவங்களுக்கு ராத்திரி பட்டினி நல்லது" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு அவர்களை வெறும் வயிற்றோடு படுக்க விடாதீர்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியாவது கொடுங்கள்.