பெட்டி காணாமல் போகிறதா? வியூஸ்டேட்டைத் திட்டாதீர்கள்

பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் தளங்களில் ஒரே பிழை, இந்த மாதத்தில் இது மூன்றாவது. ‘வரி சேர்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் புதிதாக ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் வருகிறது, அதில் எதையாவது எழுதிவிட்டு ‘சேமி’யை அழுத்தினால் எழுதியதும் இல்லை, பெட்டியும் இல்லை. மூன்று இடத்திலும் நிரல் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “வியூஸ்டேட் வேலை செய்யவில்லை சார்.”

வியூஸ்டேட் (பக்கத்தில் உள்ள கன்ட்ரோல்களின், அதாவது பெட்டி, பட்டன் போன்றவற்றின் மதிப்புகளை அடுத்த முறைக்காகப் பக்கத்திலேயே ஒளித்து வைக்கும் ஏற்பாடு) ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மூன்றாவது ஆள் இன்னொரு படி மேலே போய், காணாமல் போகும் பெட்டிகளைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கன்ட்ரோல்களை அப்படியே தூக்கி செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைக்கும் சேமிப்பிடம்) வைத்திருந்தார். அதற்கப்புறம் சர்வரில் நினைவகம் ஏறிக்கொண்டே போக, தினமும் ராத்திரி அப்ளிகேஷன் பூலை ரீசைக்கிள் செய்வது, அதாவது தளத்தை ஓட்டும் புரோசஸை நிறுத்தித் திரும்பத் தொடங்குவது, அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் காலத்தில் யார் வெப் ஃபார்ம்ஸ் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஏஎஸ்பி டாட் நெட் வந்தது 2002இல், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தோற்றத்தைத் தரும் மாஸ்டர் பேஜ் சேர்ந்தது 2005இல் வந்த 2.0 பதிப்பில். 2016இல் வந்த ஏஎஸ்பி டாட் நெட் கோரில் வெப் ஃபார்ம்ஸே கிடையாது. உண்மைதான். ஆனால் அன்றைக்கு எழுதிய உள் அலுவலக மென்பொருள்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பராமரிக்கும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில்தான் விழுகிறது. பேஜ் லைஃப் சைக்கிள் (ஒரு பக்கம் சர்வரில் பிறந்து முடியும் வரை இனிட், லோடு, கிளிக், பிரீரெண்டர் என்று கடக்கும் படிகள்) என்ற ஒன்றை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால் என் கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். வியூஸ்டேட் கன்ட்ரோலை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். வியூஸ்டேட் கன்ட்ரோலின் மதிப்புகளைத்தான் வைத்துக்கொள்ளும், கன்ட்ரோலை அல்ல. நீங்கள் பட்டனை அழுத்தியதும் சர்வரில் பேஜ் ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கிறது. போன முறை இருந்த பேஜ், அதில் நீங்கள் சேர்த்த டெக்ஸ்ட்பாக்ஸ், அதற்குக் கொடுத்த ஐடி எல்லாம் ஹெச்டிஎம்எல் அனுப்பிய கையோடு முடிந்துபோயின. புது பேஜுக்குத் தெரிந்தது ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பில் எழுதியிருக்கும் கன்ட்ரோல்கள் மட்டுமே. நீங்கள் போன முறை நிரலில் சேர்த்த பெட்டியைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லா நாற்காலிகளையும் எடுத்துவிடுகிறார்கள். போகும்போது ஒரு சீட்டில் ‘மூன்றாவது நாற்காலிக்குச் சிவப்பு உறை’ என்று எழுதி வைக்கிறார்கள். காலையில் வருபவர் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, சீட்டைப் பார்த்து மூன்றாவதற்குச் சிவப்பு உறை மாட்டுவார். இரண்டே நாற்காலி போட்டிருந்தால் அந்த வரியால் பயன் இல்லை, சீட்டைப் பார்த்து யாரும் நாற்காலி செய்து கொண்டுவர மாட்டார்கள். வியூஸ்டேட் அந்தச் சீட்டுதான். நாற்காலி போடுவது உங்கள் வேலை, ஒவ்வொரு காலையும்.

‘மூன்றாவது’ என்று சொன்னதும் சும்மா இல்லை. வியூஸ்டேட் இயல்பாக ஐடியைப் பார்த்து அல்ல, வரிசையைப் பார்த்துத்தான் மதிப்புகளைத் திருப்பி வைக்கிறது. போன முறை மூன்றாவதாக லேபிள் இருந்து, இந்த முறை அதே இடத்தில் நீங்கள் டிராப்டவுனைப் போட்டால், ஒன்று மதிப்பு தப்பான இடத்தில் போய் உட்காரும், இல்லையென்றால் கன்ட்ரோல் மரம் முன்பு இருந்ததுபோல இல்லை என்று ஒரு நீளமான பிழைச் செய்தி வரும். அந்தப் பிழை வந்ததும் வியூஸ்டேட்டையே அணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். செய்தி என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை: நீங்கள் மரத்தை மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள்.

பெட்டியில் பயனர் எழுதியது வேறு வழியாக வருகிறது. அது பிரவுசரிலிருந்து பெயரோடு வரும் போஸ்ட் டேட்டா, அதை கன்ட்ரோலின் யுனிக் ஐடியை வைத்துச் சேர்ப்பார்கள். ஐடி கொடுக்காமல் விட்டால் ஃபிரேம்வொர்க் தானாக சிடிஎல்01, சிடிஎல்02 என்று வரிசைக்கு ஏற்பப் பெயர் வைக்கும், நடுவில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெயர்கள் நகர்ந்துவிடும். ஐடி நீங்களே கொடுங்கள், ஒவ்வொரு முறையும் அதையே கொடுங்கள்.

இப்போது இந்தப் பிழை எப்படி வருகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கிளிக் இவென்ட்டுக்குள் பெட்டியை உருவாக்குகிறார்கள். அடுத்த போஸ்ட்பேக்கில் (பக்கம் சர்வருக்குத் திரும்பப் போகும்போது) அந்த கிளிக் நடக்கவில்லை, அதனால் பெட்டியும் பிறக்கவில்லை. அல்லது பேஜ் லோடில், போஸ்ட்பேக் இல்லாதபோது மட்டும் என்ற நிபந்தனைக்குள் உருவாக்குகிறார்கள். டேட்டாபேஸிலிருந்து படிப்பதை அந்த நிபந்தனைக்குள் போடச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில் கன்ட்ரோலையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். மதிப்பை முதல் முறை மட்டும் வையுங்கள். கன்ட்ரோலை எல்லா முறையும் உருவாக்குங்கள்.

நான் செய்வது இதுதான். எத்தனை வரிகள், எந்தெந்த வரிகள் என்ற தகவலை மட்டும் வியூஸ்டேட்டில் வைப்பேன். பேஜ் லோடில் அதைப் படித்து, இருக்கவேண்டிய வரிகளை எல்லாம் அதே வரிசையில், அதே ஐடியோடு கட்டுவேன். ‘வரி சேர்’ கிளிக்கில் பட்டியலில் ஒன்றைக் கூட்டி, ஒரே ஒரு புது வரியை மட்டும் கடைசியில் சேர்ப்பேன். வெறும் எண்ணிக்கையை வைக்காதீர்கள். ஐந்து வரியில் இரண்டாவதை நீக்கினால், எண்ணிக்கை நான்கு என்று மட்டும் தெரியும், அடுத்த முறை ஒன்று முதல் நான்கு வரை கட்டுவீர்கள், நீக்கியது உயிரோடு வரும், கடைசி வரி போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், நீக்கிய எண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

ஏன் பேஜ் இனிட்டில் செய்யவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எப்போதும் ஒரே மாதிரி வரும் கன்ட்ரோல்கள் என்றால் இனிட்தான் சரியான இடம். ஆனால் இனிட் நேரத்தில் வியூஸ்டேட் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது, அதில் வைத்த பட்டியலும் கையில் இருக்காது. லோடில் சேர்த்தாலும், தாமதமாக வந்த கன்ட்ரோலை ஃபிரேம்வொர்க் இனிட், வியூஸ்டேட் எல்லாவற்றையும் கடத்திக் கூட்டிவந்து சேர்த்துவிடும், போஸ்ட் டேட்டாவையும் லோடுக்குப் பிறகு இரண்டாவது முறை பார்க்கும். கிளிக் இவென்ட் அதற்கும் பின்னால்தான். ஆகவே லோடு கடைசி வண்டி. அதற்குப் பிறகு ஏறினால் அந்தப் புது பட்டனின் கிளிக் வேலை செய்யாது.

செஷனில் கன்ட்ரோல் வைப்பதைப் பற்றி. ஒரு கன்ட்ரோல் தன் பேஜையும் தன் பெற்றோரையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் செஷனில் வைத்தால் பழைய பேஜ் முழுவதும், அதன் மரம் முழுவதும், செஷன் முடியும் வரை நினைவகத்தில் கிடக்கும். அதைவிட மோசம், அந்த பட்டனின் கிளிக் இணைந்திருப்பது பழைய பேஜோடு. கிளிக் நடக்கும், உள்ளே லேபிளில் ஏதோ எழுதும், அது பழைய பேஜின் லேபிள், திரையில் எதுவும் மாறாது. இந்த ஒன்றைத் தேடி அந்தக் குழு இரண்டு நாள் செலவழித்திருந்தது. நாளைக்கு செஷனை எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றினால் அங்கேயே எல்லாம் நின்றுபோகும், ஏனென்றால் கன்ட்ரோல்களைச் சீரியலைஸ் செய்ய (வெளியே சேமிக்கும் வடிவத்துக்கு மாற்ற) முடியாது.

இதெல்லாம் பெட்டி தொலைவதோடு முடிகிற விஷயம். மாஸ்டர் பேஜ் பற்றிய தப்பெண்ணம் அப்படி இல்லை.

பெயரில் மாஸ்டர் என்று இருப்பதால் அதுதான் முதலில் ஓடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஓடும்போது மாஸ்டர் பேஜ் என்பது உங்கள் பேஜுக்குள் குடியிருக்கும் ஒரு குழந்தைக் கன்ட்ரோல். இனிட் உள்ளிருந்து வெளியே போகும், அதனால் மாஸ்டரின் இனிட் முதலில், உங்கள் பேஜின் இனிட் பிறகு. லோடு வெளியிலிருந்து உள்ளே வரும், அதனால் உங்கள் பேஜின் லோடு முதலில், மாஸ்டரின் லோடு அதற்குப் பின்னால். மாஸ்டரின் லோடில் வைத்த பயனர் பெயர் என் பேஜின் லோடில் காலியாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ஒரு இடத்தில் உள்நுழைவுச் சோதனையை மாஸ்டரின் பேஜ் லோடில் எழுதியிருந்தார்கள். உள்நுழையாதவர் என்றால் லாகின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். ஒரே இடத்தில் எழுதினால் எல்லாப் பக்கத்துக்கும் காவல், பார்க்க அழகான யோசனை. அந்தத் தளத்தில் ஒரு பக்கம், முகவரியில் எண்ணோடு வந்தால் அந்தப் பதிவை நீக்கும், அந்த வேலை அந்தப் பக்கத்தின் லோடில். நடந்தது என்ன? உள்நுழையாத ஒருவர் அந்த முகவரியைத் திறந்தால் முதலில் பதிவு நீங்கும், அப்புறம் மாஸ்டர் விழித்துக்கொண்டு லாகின் பக்கத்துக்கு அனுப்பும். பிரவுசரில் பார்ப்பவருக்குத் தெரிவது லாகின் பக்கம் மட்டும். சோதித்தவர்களும் அதைப் பார்த்துத்தான் பாதுகாப்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். (வெறும் முகவரியைத் திறந்ததும் நீக்குவதே தப்பு, அது தனிக் கதை.)

மாஸ்டர் பேஜ் தோற்றத்துக்கு. காவலுக்கு அல்ல. யார் எதைத் திறக்கலாம் என்பதை, தளத்தின் அமைப்புக் கோப்பான வெப் கான்ஃபிகின் ஆத்தரைசேஷன் பகுதியில் எழுதுங்கள், பேஜ் பிறப்பதற்கு முன்பே அது தடுத்துவிடும். அது போதாத நுணுக்கமான அனுமதி என்றால் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரு பேஸ் கிளாஸ் வைத்து அதன் ஆன்இனிட்டில் சோதியுங்கள். இந்த வாரமே உங்கள் மாஸ்டர் கோப்பைத் திறந்து பாருங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

திறக்கும்போது இன்னொன்று. விஷுவல் ஸ்டூடியோ 2012 டெம்ப்ளேட்டில் தொடங்கிய தளம் என்றால் மாஸ்டரின் இனிட்டில் வியூஸ்டேட் யூசர் கீ வைக்கும் சில வரிகள் இருக்கும். புரியவில்லை என்று அழித்துவிடாதீர்கள், பயனருக்குத் தெரியாமல் வேறு தளம் அவர் பெயரில் ஃபார்மை அனுப்புவதைத் தடுப்பது அது. அதேபோல இவென்ட் வேலிடேஷன் பிழை வந்தால் அதை அணைப்பதும் தீர்வாகாது. பெரும்பாலும் யாரோ ஜாவாஸ்கிரிப்டில் டிராப்டவுனுக்குப் புது வரிகளைச் சேர்த்திருப்பார்கள், சர்வருக்குத் தெரியாத மதிப்பு வந்ததால் அது கேள்வி கேட்கிறது. கேட்பது நல்லது.

ஐடியைக் கொடுத்தால் கன்ட்ரோலைத் தேடித் தரும் ஃபைண்ட்கன்ட்ரோல் நல் (ஒன்றும் கிடைக்கவில்லை) கொடுக்கிறது என்ற புலம்பலையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அது தன் பெயர் எல்லைக்குள் மட்டும் தேடும். மாஸ்டரும் ஒரு எல்லை, மாஸ்டரில் உங்கள் பக்கத்தின் உள்ளடக்கம் வந்து உட்காரும் இடமான கன்டென்ட்பிளேஸ்ஹோல்டரும் ஒரு எல்லை. பேஜில் நின்று கூப்பிட்டால் உள்ளே இருக்கும் பெட்டிக்குக் கேட்காது. மாஸ்டரில் பிளேஸ்ஹோல்டரைப் பிடித்து, அதற்குள் தேடுங்கள். மாஸ்டரில் இருப்பதை எடுக்கவேண்டும் என்றால் அங்கே ஒரு பப்ளிக் பிராப்பர்ட்டி எழுதி, பேஜில் மாஸ்டர்டைப் அறிவிப்பைப் போட்டால் தேடவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் சிடிஎல்00 என்று தொடங்கும் நீளமான ஐடியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதை நிறுத்துங்கள், கிளையன்ட்ஐடியை (பிரவுசருக்குப் போகும் ஐடி) நிரலிலிருந்து எழுதச் சொல்லுங்கள். 2010இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து கிளையன்ட்ஐடி மோடை ஸ்டேட்டிக் என்று வைக்கவும் முடியும், ஆனால் ஒரு லிஸ்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் போடும் ரிப்பீட்டருக்குள் அதைச் செய்தால் ஒரே ஐடி பத்து இடத்தில் வரும்.

ரிப்பீட்டர் என்றதும், ‘வரி சேர்’ பக்கங்களில் பாதிக்கு மேல் கையால் கன்ட்ரோல் உருவாக்கவே தேவையில்லை. வரிகளை ஒரு லிஸ்டாக வைத்து ரிப்பீட்டருக்குக் கட்டினால், போஸ்ட்பேக்கில் அது தன் குழந்தைகளைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். வரி சேர்க்கும்போதும் நீக்கும்போதும் மட்டும், பெட்டிகளில் உள்ளதை லிஸ்டுக்கு எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இரண்டு மூன்று தோற்றங்களில் ஒன்றைக் காட்டவேண்டும் என்றால் பேனல்களாக எழுதிவைத்து விசிபிளை மாற்றுங்கள். படிவத்தின் அமைப்பே டேட்டாபேஸில் இருக்கிறது, எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்ற நிலையில்தான் டைனமிக் கன்ட்ரோலுக்குப் போவேன்.

புதியவரிடம் இப்படி ஒரு தளத்தை ஒப்படைக்கும் மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அரை நாள் கொடுங்கள். ஒரு காலிப் பக்கம், ஒரு மாஸ்டர், இரண்டிலும் இனிட், லோடு, பிரீரெண்டர், நடுவில் ஒரு பட்டன் கிளிக். எல்லாவற்றிலும் பிரேக்பாயிண்ட் வைத்து எது முதலில் நிற்கிறது என்று அவரே எழுதிப் பார்க்கட்டும். பேஜ் டைரக்டிவில் டிரேஸை ட்ரூ என்று வைத்தால் இவென்ட் வரிசை, கன்ட்ரோல் மரம், ஒவ்வொன்றின் வியூஸ்டேட் அளவு எல்லாம் பக்கத்தின் அடியிலேயே வந்துவிடும். முடிந்ததும் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள், நேரலையில் அப்படியே விட்டால் அது ஊருக்கே தெரியும்.

‘வரி சேர்’ வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால், ஒரு வரியைச் சேர்த்து அதில் எதையாவது எழுதிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். எழுதியது அங்கேயே இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம்.